கரை ஒதுங்கியவர்களுக்கு உறவுக்காரன்

கோட்டைக்குப்பத்துத் தேசப்பனுக்கு இரண்டு பெயர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ராயப்பன். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். பழவேற்காட்டு மாதா கோயிலில் செபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார். அவருக்கும் காது மந்தம். கூப்பிட்டுவிட்டு, இவன் பதில் சொன்னானா இல்லையா என்று தெரியாமல் அவர் பாட்டுக்கு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

ஒல்லாந்தர் என்ற டச்சுக்காரர்களின் கோட்டையில் கொடி பறந்துகொண்டிருந்த காலம் அது. குப்பத்தில் ஏசுவைக் கும்பிடுகிற வேதக்காரன் என்று இருந்தவன் தேசப்பன் ஒருவனே. கோட்டைக்காரர்களும் ஏசுவைத்தான் கும்பிட்டார்கள் என்றாலும் அவர்கள் கோயில் வேறு, மாதா கோயில் வேறு. மாதா கோயிலுக்குப் போகிறவனை அவர்கள் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். மயிலாப்பூரிலிருந்து சாமியார் ஆண்டுக்கு ஒரு தரம் சத்தமில்லாமல் வந்து பூசை வைத்துவிட்டுப் போவதோடு சரி. ஆக, குப்பத்துக்கு இவன் வேதக்காரன், கோட்டைக்கு இவன் மாதா கோயில்காரன். நிம்மதியாகப் போய் உட்கார ஓர் இடம் இரண்டு பக்கமும் இல்லை.

அவன் வேதத்தில் சேர்ந்ததற்குக் காரணம் அவன் அண்ணன் சிங்காரம். ஒரு புயலில் கட்டுமரத்தோடு போனவன் திரும்பவில்லை. கரையோரமாகவே விசாரித்துக்கொண்டு தெற்கே நடந்த தேசப்பன், மயிலாப்பூர் மணலில் அண்ணனைக் கண்டுபிடித்தான். கண்டுபிடித்தது ஒரு மேட்டையும் தலைமாட்டில் நட்ட ஒரு குச்சிச் சிலுவையையும்தான். இடுப்பு அரைஞாணை எடுத்து வைத்திருந்த மேரி என்ற மீன்காரி, அதை அவன் கையில் கொடுத்தாள். இடுப்புக்கயிற்றைப் பார்த்துவிட்டுத் தேசப்பன் அழுத அழுகையில் அந்தத் தெருவே கூடிவிட்டது.

"யாருன்னு தெரியாமயா பொதைச்சீங்க?" என்று கேட்டான்.

"யாரா இருந்தா இன்னாப்பா, மனுசன்தானே" என்றாள் மேரி.

அவள் அதைப் பெரிய விஷயமாகவே சொல்லவில்லை. கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு வியாபாரத்துக்குப் போய்விட்டாள். இவனுக்குத்தான் அந்தப் பேச்சு உள்ளே இறங்கி உட்கார்ந்துகொண்டது. அடுத்த ஆண்டே தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டான். உபதேசியார் எத்தனையோ மந்திரங்களும் கட்டளைகளும் சொல்லிக்கொடுத்தார். பாதி மறந்துபோயிற்று. விசுவாச மந்திரத்தில் எப்போதும் நடுவில் நின்றுவிடுவான். இரக்கச் செயல்கள் என்று ஒரு பெரிய வரிசை சொன்னார். அதில் ஒன்றே ஒன்றுதான் அவனுக்குத் தங்கிற்று: இறந்தவரை அடக்கம் பண்ணு. இது என்னால் முடியும் என்று அவன் நினைத்தான்.

முடியும் என்று நினைத்ததுதான் அவன் குடியைக் கெடுத்தது என்று குப்பத்தில் சொல்லுவார்கள்.

கடலும் ஏரியும் சேர்கிற இடத்தில் குடியிருப்பவர்களுக்குப் பிணம் ஒதுங்குவது புதிதல்ல. கப்பலில் செத்தவர், அலையில் கவிழ்ந்தவர், பஞ்சத்தில் ஊர்விட்டு ஊர் போகும்போது ஆற்றில் விழுந்தவர் என்று யார் யாரோ வருவார்கள். சொந்தக் குப்பத்து ஆளென்றால் கதறிக்கொண்டு தூக்குவார்கள். முகம் தெரியாத ஆளென்றால் யாரும் கை வைக்க மாட்டார்கள். என்ன சாதியோ, என்ன சாவோ, தொட்டால் அது தோணியோடு கூடவே வரும் என்று பயம். தோணி தள்ளும் மூங்கிலால் நெஞ்சில் ஒரு நெட்டு நெட்டி, வடிகிற தண்ணீரில் விட்டுவிடுவார்கள். கடல் கொண்டுவந்தது, கடல் கொண்டுபோகட்டும் என்பது கணக்கு. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. தண்ணீரை நம்பிப் பிழைக்கிறவர்கள் தண்ணீருக்குப் பயப்படத்தான் செய்வார்கள்.

தேசப்பன் தூக்கினான். குப்பத்துக்கு வடக்கே, ஆடுமாடுகூடப் போகாத மணல்மேட்டுக்குத் தோளில் போட்டுக்கொண்டு போவான். நல்ல தண்ணீரில் முகத்தைக் கழுவுவான். குழி வெட்டிப் படுக்க வைத்து, தெரிந்த மட்டும் செபம் சொல்லி, ஆமென் சொல்ல ஆள் இல்லாததால் அதையும் தானே சொல்லிவிட்டு, வேலங்குச்சியில் ஒரு சிலுவை கட்டி நட்டுவிட்டு வருவான். கோட்டைக்காரர்கள் தங்கள் கல்லறைக் கதவிலே எலும்புக்கூடு செதுக்கி, கல்லுக்குக் கல் எழுத்து வெட்டி அழகு பார்த்தார்கள். தேசப்பனின் மேட்டில் இருந்த குச்சிகள் வாடைக்காற்றில் சாய்ந்து சாய்ந்து விழும். மறுபடி போய் நட்டுவைப்பான்.

இதற்கு அவன் கொடுத்த விலையைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் பாடு என்றால் என்ன என்று தெரிய வேண்டும். முகத்துவாரத்தை ஒட்டி, நீர் வடியும்போது இறால் திரளாக இறங்குகிற இடங்கள் சிலதான் உண்டு. எல்லோரும் அங்கே வலை கட்டினால் வெட்டுக்குத்துதான் நடக்கும். அதனால் குப்பத்துத் தலைவரான நாட்டாரின் முன்னிலையில் தலைக்கட்டுகளுக்கு, அதாவது குடும்பத் தலைவர்களுக்கு, வரிசை வைத்திருந்தார்கள். ஒருவன் முறைக்கு ஒருவன். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். அப்பன் வரிசை பிள்ளைக்கு வரும். பாடு உள்ளவனுக்குத்தான் கூட்டத்தில் பேச வாய் உண்டு, பெண் கொடுக்க ஆள் உண்டு, வீட்டுக்கு விளக்கு உண்டு. பிணத்தைத் தொட்டுத் தீட்டானவன் அன்று வலையை இறக்கவோ தூக்கவோ கூடாது. அவன் முறை அடுத்தவனுக்குப் போய்விடும். ஓராண்டில் மூன்று முறை அப்படித் தவறினால் வரிசையிலிருந்தே பெயர் போய்விடும்.

தேசப்பனுக்கு அடுத்த வரிசை எல்லப்பன். வாயாடி, பேராசைக்காரன், ஆனால் மனதில் ஒன்றையும் பூட்டி வைக்கத் தெரியாதவன். தேசப்பனுக்குப் பாடு வருகிற நாட்களில் அவன் விடிவதற்கு முன்னாலேயே கடற்கரையில் உலாத்துவான். எங்காவது ஒன்று ஒதுங்கியிருந்தால் போதும், நாலுகால் பாய்ச்சலில் வந்து நிற்பான்.

"அண்ணாத்தே, பாவம், ஒண்ணு ஒதுங்கிக் கெடக்குது. நீ பாக்காம வேற யாரு பாப்பா?" என்பான். முகத்தில் துக்கத்தை வரவழைக்க அவன் படுகிற பாட்டைப் பார்த்துத் தேசப்பனுக்கே சிரிப்பு வந்துவிடும். சிரித்துக்கொண்டே மண்வெட்டியை எடுப்பான். அன்றைய இறால் எல்லப்பன் வலையில் விழும்.

எல்லப்பனால் இழந்ததெல்லாம் இறால்தான். பெரிய இழப்பு வீட்டுக்குள் நடந்தது. தேசப்பன் மனைவி இருசம்மாள் வேதத்தில் சேரவில்லை. அவனும் வற்புறுத்தவில்லை. அவள் கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றுவாள், இவன் ஞாயிற்றுக்கிழமை தோணியேறி மாதா கோயிலுக்குப் போவான். அதில் சண்டை வந்ததே இல்லை. ஆனால் எப்போதும் தீட்டுள்ள வீடு என்று ஆனபின், கிணற்றில் அவள் குடத்தை வைத்தால் மற்றப் பெண்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளிப்போனார்கள். வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு ஒன்றுக்கும் கூப்பிடுவதில்லை. பிள்ளையும் இல்லாத வீடு. பேச்சுத்துணைக்கு ஒரு வாய் இல்லாமல் அவள் உள்ளுக்குள் நொந்து போயிருந்தாள். ஒருநாள் அவன் குடத்துத் தண்ணீரைப் பிணம் கழுவ எடுத்துக்கொண்டு போய்த் திரும்பி வந்தபோது, அவள் துணியை மூட்டை கட்டி வைத்திருந்தாள்.

"உசுரோட கீறவளுக்கு ஒரு கொடம் தண்ணி மோந்து ஊத்த இந்தக் குப்பத்துல ஆளில்ல. செத்தவனுக்கு மட்டும் நீ கொடங்கொடமா ஊத்தற. நானும் செத்து ஒதுங்கறேன், அப்ப வந்து என் மூஞ்சியக் கழுவு" என்றாள்.

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஏரியைத் தாண்டி, சுண்ணாம்புக்குளத்தில் இருந்த பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அவனே தோணியில் கொண்டுபோய் விட்டான். கரையில் இறங்கும்போது அவன் கை கொடுத்தான், அவள் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

அதற்குப்பின் வீடு வீடாக இல்லை. கஞ்சி காய்ச்ச அடுப்பு மூட்டினால் ஒரு ஆளுக்காகவா என்று தோன்றிப் பல நாள் அணைத்துவிடுவான். எதையாவது சொல்ல வாயெடுத்து, திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். அவள் உப்பு வைத்திருந்த சட்டியை நகர்த்தக்கூட அவனுக்கு மனம் வரவில்லை.

அந்த ஆண்டில் அவனுக்கு வந்த முதல் இரண்டு பாடுகளும் பிணம் தூக்கியதில் போய்விட்டன. ஒருமுறை ஒரு கிழவர், ஒருமுறை கையில் வளையலோடு ஒரு பெண். மிச்சமிருந்தது கார்த்திகை அமாவாசைப் பாடு. மழைத் தண்ணீர் ஏரியை நிரப்பி, முகத்துவாரத்தை உடைத்துக்கொண்டு இறங்குகிற சமயம். ஆண்டுக்கே பெரிய பாடு அதுதான். வரிசையில் அது எப்போதோ ஒருமுறைதான் ஒரு வீட்டுக்கு வரும். இந்த முறை தேசப்பனுக்கு வந்திருந்தது.

அமாவாசைக்கு முன்னால் அவன் மைத்துனன் மாணிக்கம் ஏரியைத் தாண்டி வந்தான். இருசம்மாளின் தம்பி. உட்காரச் சொன்னதற்கு உட்காராமல் நின்றபடியே சொன்னான்.

"மாமா, அக்கா ஒரே பேச்சா சொல்லிடுச்சி. இந்த அமாவாசப் பாடு உன் கைய வுட்டுப் போவலன்னா, பொங்கலுக்குள்ள வந்துடுமாம். வரிசையே போயிடுச்சின்னா அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சினு அந்தக் குப்பத்துக்கு வர்றதுன்னு கேக்குது."

"இன்னா சொன்னா? இன்னொரு தபா சொல்லு மச்சான்."

மாணிக்கம் சொன்னான். தேசப்பனுக்குக் கேட்காமல் இல்லை. அவள் சொன்னதை யார் வாயாலாவது இன்னொரு முறை கேட்க வேண்டும்போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் உபதேசியாரின் காதருகே போய், அன்றைக்குப் பார்த்து ஒன்று ஒதுங்கினால் என்ன செய்வது என்று சத்தமாகக் கேட்டான். உபதேசியார் நல்ல மனுசர். "ராயப்பா, செத்தவரு ஒரு பகல் மணல்ல கெடந்தா கொறஞ்சு போயிட மாட்டாரு. உன் பாட்ட முடிச்சிட்டு வந்து பொதை. ஆண்டவர் ஒண்ணும் உன் கழுத்துல கத்தி வெச்சிருக்கல" என்றார்.

"பாடு முடியற வரிக்கும் எங்க கெடக்கும்? அதுக்குள்ள நம்மாளுங்க மூங்கில எடுத்துடுவாங்களே" என்றான் தேசப்பன். அது அவர் காதில் விழவில்லை. தலையில் கை வைத்து ஆசீர்வதித்து அனுப்பிவிட்டார்.

அமாவாசைக் காலையில் வானம் வெளிறியிருந்தது. முளைகள் நட்டு, வலையை விரித்துக் கட்டிவிட்டுத் தேசப்பன் தோணியில் குந்தியிருந்தான். வழக்கப்படி அடுத்த வரிசைக்காரனான எல்லப்பன் காவலுக்குக் கரையில் இருந்தான். நீர் வடியத் தொடங்கியதுமே வலை கனத்தது. கயிற்றில் விரலை வைத்தால் உள்ளே இறால் துள்ளுவது தெரிந்தது. அப்படி ஒரு பாடு வந்து தேசப்பன் பார்த்ததில்லை. பொங்கலுக்கு முன் கூரையை வேய்ந்துவிட வேண்டும், அவளுக்குப் பிடித்த மாதிரி அடுப்பைக் கிழக்குப் பார்த்துப் போட வேண்டும் என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டான். அவன் மனம் அத்தனை லேசாக இருந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அப்போதுதான் அது வந்தது. ஏரிப்பக்கமிருந்து மிதந்து வந்து, வலையின் வாய்க்கு நேராக முளையில் முட்டி நின்றது. ஒரு ஆண். முகம் தண்ணீருக்குள் இருந்தது.

தேசப்பன் மூங்கிலை எடுத்தான். எடுத்தது மட்டுமில்லை, தள்ளவும் தள்ளினான். அவனைப் பற்றி நல்லதாகவே சொல்லிக்கொண்டு போக எனக்கும் ஆசைதான், ஆனால் நடந்தது இதுதான். பிணம் சுழலில் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி முளைக்கே வந்தது. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை, பலமாகத் தள்ளினான். இந்தத் தடவை நீரோட்டம் பிடித்துக்கொண்டது. அது கடலைப் பார்த்துப் போயிற்று.

வலைக் கயிற்றைப் பிடித்து இழுக்க முயன்றான். கை ஓடவில்லை. போகிற ஆளின் ஒரு கை மட்டும் தண்ணீருக்கு மேல் வந்து வந்து அமுங்கியது. யார் வீட்டிலோ இவனுக்கும் ஒரு தம்பி இருப்பான், கரையோரமாக விசாரித்துக்கொண்டு நடப்பான் என்ற நினைப்பு வந்ததும் தேசப்பனுக்குத் தாங்கவில்லை. கயிற்றை விட்டுவிட்டுத் தோணியைத் திருப்பினான்.

கரையிலிருந்து எல்லப்பன் கத்தினான். "அண்ணாத்தே, வேணாம்! வுட்டுத் தொலை! இது மூணாவது!"

அலை உடைகிற இடத்துக்குச் சற்று முன்னால் எட்டிப் பிடித்துவிட்டான். தோணிக்குள் ஏற்ற முடியாமல், ஒரு கையால் அணைத்தபடியே கரைக்குக் கொண்டுவந்தான். எல்லப்பன் எட்டவே நின்றான். அவன் முகம் பேயறைந்ததுபோல இருந்தது.

"உனக்கு இன்னா பைத்தியமா? எனக்கு இறாலு வேணும், அது வாஸ்தவம். அதுக்காக உன் வரிசையா வேணும்னு கேட்டேன்?" என்றான். குரல் உடைந்துவிட்டது. "சரி, போ. இட்டுனு போயி பொதை. நான் எதையும் பாக்கல. வலைய நானே தூக்கி உன் பாடுன்னு நாட்டார் முன்னால கொண்டும்போய்க் கொட்றேன். நீ வாயத் தொறக்காத, அது போதும். அண்ணி வரட்டும்."

தேசப்பன் பிணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டைப் பார்த்து நடந்தான். முகத்தைக் கழுவும்போதுதான் ஆளை நன்றாகப் பார்த்தான். என்ன ஊர், என்ன சாதி, ஒன்றும் தெரியவில்லை. உள்ளங்கையில் கயிறு அறுத்த பழைய தழும்புகள் இருந்தன. தேசப்பன் கையிலும் அதே இடத்தில் அதே தழும்புகள்தான். தள்ளியதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுக் குழியை மூடினான்.

பாடு முடிந்ததும் தலைக்கட்டுகள் கூடுகிற இடம் நாட்டார் ஆதிகேசவன் வீட்டு வேப்பமரத்தடி. இறாலைக் குவித்து, வலை இறக்கியது முதல் தூக்கியது வரை சுத்தமாக இருந்தேன் என்று அம்மன் மேல் ஆணையாகப் பாடு எடுத்தவன் சொல்ல வேண்டும். தேசப்பன் வேதத்தில் சேர்ந்த காலத்தில் இதற்கும் ஒரு பேச்சு நடந்தது. "எந்த சாமியா இருந்தா இன்னா, வாயில வர்றது நெசமா இருந்தா சரி. நீ உன் ஏசு மேல சொல்லு" என்று நாட்டார் தீர்த்து வைத்திருந்தார். அந்தக் காலத்து மனுசர்களிடம் அப்படி ஒரு பெருந்தன்மை இருந்தது.

தேசப்பன் வந்து சேர்ந்தபோது இறால் மலையாகக் குவிந்திருந்தது. எல்லப்பன் அதன் பக்கத்தில் நின்று மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தான். "சுத்தம் நாட்டாரே. நான் காவலுக்கு குந்தியிருந்தேனே, கண்ணக் கூட எடுக்கல. கால்ல முள்ளு குத்திக்கிச்சின்னு அண்ணாத்தே மெதுவா வருது." கூட்டத்து ஓரத்தில் மாணிக்கம் நின்றிருந்தான். அக்காவுக்கு நல்ல சேதி கொண்டுபோகலாம் என்று முகம் மலர்ந்திருந்தது.

தேசப்பனின் முழங்கால் வரை ஈர மணல். நகத்திலெல்லாம் மண். அது யாருக்கும் தெரியாமல் இல்லை. நாட்டார் ஒருமுறை பார்த்துவிட்டு, பார்வையை வேப்பமரத்துக் கிளைக்குத் திருப்பிக்கொண்டார். அத்தனை பேரும் அவனுக்காகப் பொய்யைக் கேட்டுக்கொள்ளத் தயாராக நின்றார்கள். இத்தனை வருசம் குடத்தைத் தள்ளிவைத்தவர்களுக்கும், ஒரு தலைக்கட்டு அழிந்துபோவதைப் பார்க்க மனமில்லை.

"தேசப்பா, எல்லப்பன் சொல்லிட்டான். முறைக்கு நீயும் ஒரு வார்த்த சொல்லிடு. சுத்தம்தானே?" என்றார் நாட்டார்.

ஒரு ஆமாம் போதும். சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? எனக்கே கோபம் வருகிறது. அவனுக்கும் அந்த ஆமாம் நாக்குவரை வந்தது. மாணிக்கத்தின் முகத்தைப் பார்த்தான். அக்கா சாயல். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் சொல்லச் சொல்லுவது அவன் சாமியின் பேரில் அல்லவா?

"இல்ல நாட்டாரே. தொட்டேன். பொதைச்சிட்டுதான் வர்றேன்."

நாட்டார் வெகுநேரம் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். பின்பு வரிசையிலிருந்து தேசப்பன் பெயரை எடுத்தார். பொய்ச்சாட்சி சொன்னதற்காக எல்லப்பனின் அடுத்த பாட்டையும் எடுத்தார். தீட்டு வலையில் விழுந்த இறாலை யாரும் தொடவில்லை. கொண்டுபோய் ஏரியிலேயே கொட்டினார்கள்.

கூட்டம் கலையும்போது எல்லப்பன் அவன் முன்னால் வந்து நின்றான். "ஒனக்காவ அம்மன் முன்னால பொய் சொன்னேன். என்னிய ஊரு முன்னால நாறடிச்சிட்டியே. இனிமேட்டு நீ யாரோ நான் யாரோ." சொன்னபடியே செய்தான். எதிரில் வந்தாலும் பாதை மாறிப் போனான். அவன் பேச்சு இருந்தவரைக்கும் அதன் அருமை தேசப்பனுக்குத் தெரியவில்லை.

மாணிக்கம் கேட்டது ஒன்றுதான். "அக்காகிட்ட நான் இன்னா சொல்றது மாமா?"

"நடந்தத நடந்த மாதிரி சொல்லு."

பொங்கல் வந்தது, போயிற்று. தேசப்பன் கூரையை வேயவில்லை. பாடு இல்லாதவனுக்கு ஆழமான இடம் எதுவும் கிடையாது. முழங்கால் தண்ணீரில் குனிந்து, சேற்றில் கையால் துழாவி இறால் பிடித்தான். நாள் முழுக்கத் துழாவினால் ஒரு வேளைக்குக் கிடைக்கும். முதுகு போயிற்று. அதைவிடப் பேச்சு போயிற்று. மாலையில் செபத்தை உரக்கச் சொல்லுவான், பக்திக்காக அல்ல, ஒரு மனிதக் குரலைக் கேட்க. ஏன் தொட்டேன், ஏன் சொன்னேன் என்று சில ராத்திரிகளில் தன்னையே திட்டிக்கொள்வான். ஆண்டவரையும் கொஞ்சம் திட்டுவான். மறுநாள் ஒன்று ஒதுங்கினால் போய்த் தூக்கிக்கொண்டு வருவான். இழப்பதற்கு இனிமேல் ஒன்றும் இல்லை என்ற சுகம்கூட அவனுக்கு வரவில்லை. அவள் இல்லையே என்பது மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகவே வலித்தது.

வெயில் ஏறி ஏரி வற்றத் தொடங்கிய பங்குனியில் ஒருநாள், துழாவிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தபோது மாணிக்கம் தோணியில் வந்துகொண்டிருந்தான். வரும்போதே கத்திக்கொண்டு வந்தான்.

"உன் நோவு எங்க வூட்லயும் ஒட்டிக்கிச்சி மாமா! கொண்டாந்து வுட்டியே, நல்லா வுட்ட! எங்க கரையில ஒரு பொம்பள ஒதுங்குச்சி. அண்ணன் மூங்கில எடுக்குது, அக்கா ஓடிப்போயி கட்டிப் புடிச்சினு வுடமாட்டேங்குது. கழுவி, தன் பொடவையச் சுத்தி, தானே குழி தோண்டிப் பொதைச்சிடுச்சி. ஊர்ல ஒரே பேஜாரு. இனி வூட்டுப் படியேறக்கூடாதுன்னு அண்ணன் சொல்லிடுச்சி. கூழு கொண்டும்போய் வெச்சா துன்னாம கரையிலயே குந்தினுகீது. நீ வந்து இட்டுனு போ."

தேசப்பன் பிடித்து வைத்திருந்த இறாலைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டான். தோணியில் ஏறினான். வழியில் மாணிக்கம் திட்டியதெல்லாம் அவன் காதில் ஏறவே இல்லை.

சுண்ணாம்புக்குளத்துக் கரையில், ஊரை விட்டுத் தள்ளி, ஒரு வேலமரத்தடியில் இருசம்மாள் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். பக்கத்தில் புதுமணல் மேடு. இவனைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பெருமப்பட்டுக்காத. நான் ஒண்ணும் உன் வேதத்துல சேரல" என்றாள். "அண்ணன் மூங்கில எடுத்ததும் உன் மூஞ்சி நெனப்புக்கு வந்து தொலைச்சிது. அவ்ளோதான்."

அவன் மணலில் உட்கார்ந்தான்.

"எல்லாம் நீ செய்யறாப்பலதான் செஞ்சேன். மூஞ்சியக் கழுவினேன். நீ சொல்ற மந்திரம்தான் எனக்குத் தெரியாது." மேட்டின் மணலைக் கையால் தட்டிச் சரிசெய்தாள். "எம் புருசன் வந்து உனக்குச் சொல்லுவான், அதுவரிக்கும் நானும் கூடவே குந்தியிருக்கறேன்னு இதுகிட்ட சொல்லிட்டேன். அதான் எங்கியும் போவல."

தேசப்பன் முழங்காலிட்டுச் செபத்தைத் தொடங்கினான். பாதியில் தோள் குலுங்க நிறுத்திவிட்டான். அவள் நகர்ந்து வந்து அவன் முதுகில் கை வைத்தாள்.

"அப்பறம்? சொல்லு. அது காத்துனுகீது" என்றாள்.

அவன் விட்ட இடத்திலிருந்து சொல்லி முடித்தான்.